கம்ப்யூட்டர் இல்லை, கூகுள் இல்லை… புராண உலகத்துக்குத் தனியாளாக ‘விக்கி’ எழுதிய ஆ.சிங்காரவேலு முதலியார்: யார் இவர்?

காலை நேர ஆவடி - சென்ட்ரல் மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைத்துவிட்டால் பலருடைய கையில் உடனே ஒரு கேம் ஓட ஆரம்பித்துவிடும். அதில் ரோல்பிளேயிங் கேம் ஆடுபவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. புதிதாக ஒரு வாளோ வில்லோ கிடைத்தால், அதைத் தேடி ரசிகர்கள் எழுதி வைத்திருக்கும் விக்கி பக்கத்துக்குப் போவார்கள். இந்த ஆயுதத்தைச் செய்தது யார், இதன் சக்தி என்ன, யார் யார் கையில் இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று எல்லாமே அந்த ஒரே பக்கத்தில் இருக்கும்.

ஜப்பானில் 2015-ல் வெளியான ‘ஃபேட்/கிராண்ட் ஆர்டர்’ என்ற மொபைல் கேமில் நம்ம அர்ஜுனனும் ஒரு கேரக்டர். கையில் காண்டீபம். அந்த வில்லைப் பற்றியும் ரசிகர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள்.

இதெல்லாம் இன்டர்நெட் வந்த பிறகு பிறந்த பழக்கம் என்றுதான் தோன்றும். ஆனால், நூறு வருடத்துக்கும் முன்பே சென்னையில் ஒரு தமிழாசிரியர் இதே வேலையைச் செய்தார். காண்டீபம், சியமந்தக மணி, அமுதசுரபி என ஆரம்பித்து தேவர்கள், அசுரர்கள், ரிஷிகள், அரசர்கள், புலவர்கள், ஊர்கள் வரை எல்லாவற்றையும் அகர வரிசையில் அடுக்கினார். அவருக்கு உதவ ரசிகர் பட்டாளம் கிடையாது. ‘எடிட்’ பட்டனும் கிடையாது. அந்தப் புத்தகம்தான் ‘அபிதான சிந்தாமணி’. அதைத் தொகுத்தவர் ஆ.சிங்காரவேலு முதலியார்.

எந்தச் சிங்காரவேலு?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு ‘சிங்காரவேலர் மாளிகை’ என்று பெயர். அது பொதுவுடைமை இயக்கத் தலைவர் ம.சிங்காரவேலரின் பெயர். கணித மேதை ராமானுஜன் பச்சையப்பன் கல்லூரியில் படித்தபோது அவரை ஊக்கப்படுத்திய கணிதப் பேராசிரியரின் பெயரும் சிங்காரவேலு முதலியார்தான். அவரும் வேறு ஆள்.

நாம் பார்க்கப்போவது மூன்றாவது ஆளை. பச்சையப்பனில் தமிழ்ப் பண்டிதராக இருந்த ஆ.சிங்காரவேலு முதலியார். மூன்று பேருமே கிட்டத்தட்ட ஒரே காலத்தில் சென்னையில் வாழ்ந்தவர்கள். ஒரே பெயரில் பலர் இருந்தால் வாசகர் எப்படிக் குழம்புவார் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். ஏனென்றால், வாழ்நாள் முழுக்க அவர் தீர்த்துவைத்த சிக்கலே அதுதான்.

ஓலையிலிருந்து அச்சுக்கு மாறிய காலம்

சிங்காரவேலு முதலியார் பிறந்த வருடம் 1855. அடுத்த வருடம், 1856 ஜூலை 1-ம் தேதி, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்தில் புறப்பட்டு, இன்றைய அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர் வழியாக வாலாஜா ரோடு வரை ஓடியது. ஊர் மாறிக்கொண்டிருந்த காலம். படிப்பும் அதோடு சேர்ந்து மாறிக்கொண்டிருந்தது.

அவர் வேலை பார்த்த பச்சையப்பன், 1842-ல் பள்ளியாக ஆரம்பித்துப் பிறகு கல்லூரியாக வளர்ந்த நிறுவனம். இன்று பூந்தமல்லி நெடுஞ்சாலையில், சேத்துப்பட்டில் நாம் பார்க்கும் கல்லூரி வளாகத்துக்கு அது இடம் மாறியது 1940-ல்தான். முதலியார் காலத்தில் அது இருந்தது ஜார்ஜ் டவுனில், பாரிமுனைப் பக்கம்.

அப்போது ஒரு தமிழாசிரியரின் நிலைமை எப்படி இருந்திருக்கும்? அதுவரை ஓலைச்சுவடியில், ஏதோ ஒரு மடத்திலோ வீட்டுப் பரணிலோ கிடந்த நூல்கள் ஒவ்வொன்றாக அச்சுக்கு வந்துகொண்டிருந்தன. உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். 1889-ல் பத்துப்பாட்டு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை என்று வரிசையாக வந்தன. ஒரு பக்கம் புராணங்களும் தல புராணங்களும் மலிவுப் பதிப்பாக வந்து குவிந்தன.

புத்தகம் கிடைத்துவிட்டது. ஆனால், படிப்பவருக்குப் புது தலைவலி. ஒரு பாட்டில் நாலு வரி இருந்தால் அதில் அஞ்சு பெயர் வரும். யாரோ ஒரு முனிவரின் சாபம், ஏதோ ஓர் அரசனின் கொடி, எங்கோ ஓர் ஊரின் பழைய பெயர். அந்தக் கதை தெரியாவிட்டால் பாட்டு புரியாது. கதையோ வேறொரு புத்தகத்தில், எந்த அத்தியாயத்தில் என்றே தெரியாமல் கிடக்கும். பண்டிதர்கள் இதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். கல்லூரியில் சேர்ந்து தேர்வு எழுதவேண்டிய பையன் என்ன செய்வான்?

முன்பே நிகண்டு இருந்ததே?

இருந்தது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய திவாகரம், அதன் பிறகு பிங்கலம், சூடாமணி எனத் தமிழில் நிகண்டுகள் நிறையவே உண்டு. நிகண்டு சொற்களை வகை வகையாகப் பிரிக்கும். தெய்வப் பெயர் ஒரு தொகுதி, மக்கள் பெயர் ஒரு தொகுதி, விலங்கு ஒரு தொகுதி. மனிதன் செய்த பொருள்களுக்கும் ‘செயற்கை வடிவப் பெயர்த் தொகுதி’ என்று தனி இடம் உண்டு. ஆயுதங்களும் அணிகலன்களும் அங்கேதான் வரும். இன்றைய கேம் விக்கியில் இருக்கும் ‘ஐட்டம்’ பிரிவு மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால், நிகண்டு செய்யுளில் இருக்கும். மனப்பாடம் செய்வதற்காக எழுதப்பட்டது. ஒரு பெயரைத் திடீரெனத் தேடி எடுக்க முடியாது. ஒரு பொருளுக்கு என்னென்ன பெயர் உண்டு என்று சொல்லும். அதன் பின்னால் இருக்கும் கதையைச் சொல்லாது. அகர வரிசை அகராதி என்பது தமிழில் வீரமாமுனிவரின் சதுரகராதியோடு 1732-ல் வந்துவிட்டது. ஆனால், அதுவும் சொல்லுக்குப் பொருள் சொல்லும் நூல்தான்.

ஆங்கிலத்தில் ஜான் டௌசன் 1879-ல் இந்து புராணப் பெயர்களுக்கு ஓர் அகராதி வெளியிட்டிருந்தார். அது பெரும்பாலும் சம்ஸ்கிருத நூல்களைச் சார்ந்தது. தமிழ்ப் புலவர்களும், தமிழ் நாட்டுத் தலங்களும், சங்க காலச் சிற்றரசர்களும், நாயன்மார்களும் ஒன்றாக இருக்கும் ஒரு நூல் தமிழில்தான் வர வேண்டும். 1890 வாக்கில் முதலியார் அந்த வேலையைத் தொடங்கினார். முடிக்க ஏறக்குறைய இருபது வருடம் ஆனது.

ஒரு ஐட்டத்துக்குப் பதிவு எழுதுவது அவ்வளவு கஷ்டமா?

காண்டீபத்தையே எடுத்துக்கொள்வோம். அர்ஜுனனுக்கு அந்த வில் கிடைப்பது மகாபாரதத்தின் முதல் பர்வத்தில். காண்டவ வனத்தை எரிக்க அக்னி கிளம்பும்போது, வருணனிடமிருந்து அதை வாங்கிக் கொடுக்கிறான். அதற்கு முன்பு அது யார் யாரிடம் இருந்தது? பிரமன், இந்திரன், சந்திரன், வருணன் என்று அந்தப் பட்டியல் வருவது நான்காவது பர்வமான விராட பர்வத்தில். வன்னி மரத்தில் ஒளித்து வைத்த ஆயுதங்களை உத்தரகுமாரனுக்கு விளக்கும் இடம் அது. கடைசியில் அந்த வில் என்ன ஆனது? பதினேழாவது பர்வத்தில் அக்னி மறுபடி வந்து கேட்க, அர்ஜுனன் அதை நீரில் விட்டுவிடுகிறான். வில் வருணனிடமே திரும்புகிறது.

ஆக, ஒரு வில்லின் கதையைச் சொல்ல பதினெட்டு பர்வத்தில் மூன்று இடங்களைத் தேடிப் பிடித்து ஒட்ட வேண்டும். இன்று என்றால் தேடல் பெட்டியில் பெயரைத் தட்டினால் போதும். அன்று முழுசாகப் படித்திருக்க வேண்டும், படித்தது ஞாபகத்தில் இருக்க வேண்டும், குறிப்பும் எடுத்து வைத்திருக்க வேண்டும்.

சியமந்தக மணி இன்னும் சிக்கல். சூரியன் அதைச் சத்திராஜித்துக்குக் கொடுக்கிறான். தினமும் எட்டு பாரம் பொன் தரும் மணி அது. அவன் தம்பி பிரசேனன் அதை அணிந்து வேட்டைக்குப் போகிறான், சிங்கம் அவனைக் கொல்கிறது. சிங்கத்தைக் கொன்று ஜாம்பவான் மணியை எடுத்துக்கொள்கிறான். திருட்டுப் பழி கண்ணன்மேல் விழ, அவன் குகைக்குள் போய்ச் சண்டையிட்டு மணியை மீட்டு சத்திராஜித்திடமே கொடுக்கிறான். பிறகு சததன்வா சத்திராஜித்தைக் கொன்று அதைப் பறிக்கிறான். கடைசியாக அது அக்ரூரனிடம் போய்ச் சேர்கிறது.

இதில் ஒரு மணிக்குப் பதிவு எழுதினால் மட்டும் போதாது. சத்திராஜித்து, பிரசேனன், ஜாம்பவான், சததன்வா, அக்ரூரன் என ஆளுக்கொரு பதிவு வேண்டும். ஒவ்வொன்றிலும் அதே கதை அந்த ஆளின் கோணத்தில் சுருக்கமாக வர வேண்டும். ஒன்றுக்கொன்று முரண்படவும் கூடாது. விக்கி எழுதியவர்களுக்கு இந்த வேதனை நன்றாகப் புரியும்.

சம்ஸ்கிருத மூலத்தோடு வேலை முடிந்துவிடவும் இல்லை. மணிமேகலையின் அமுதசுரபி தமிழுக்கே உரிய பொருள். மதுரையில் சிந்தாதேவி ஆபுத்திரனுக்குக் கொடுத்த, எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம். பசித்தவர்களே இல்லாத நிலையில் அவன் கப்பலேறுகிறான். மணிபல்லவத் தீவில் தனியே விடப்பட்டு, அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உயிர் துறக்கிறான். பிறகு வைகாசிப் பௌர்ணமியில் பொய்கையிலிருந்து மேலே வந்து மணிமேகலையின் கைக்குப் போகிறது. முதல் பிச்சை இட்டவள் ஆதிரை. இந்தக் காப்பியம் நல்ல பதிப்பாக வந்ததே 1898-ல்தான். அதாவது, முதலியார் தன் தொகுப்பை எழுதிக்கொண்டிருந்த நேரத்திலேயே அதற்கான மூல நூல்களும் புதிதாக வந்துகொண்டிருந்தன. எழுதி முடித்த பகுதிக்குத் திரும்பத் திரும்பப் போய்ச் சேர்க்க வேண்டியிருந்தது.

அம்பத்தூர் பக்கத்திலேயே ஓர் உதாரணம்

புராணம் என்றாலே கயிலாயமும் குருக்ஷேத்திரமும்தான் என்று இல்லை. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் இருக்கும் திருமுல்லைவாயிலை எடுத்துக்கொள்ளலாம். குறும்பர்களோடு போரிட்ட தொண்டைமான் திரும்பும் வழியில் அவன் யானையின் கால் முல்லைக்கொடியில் சிக்கியது என்பது தல புராணம். அவன் வாளால் கொடியை வெட்ட, உள்ளே இருந்த லிங்கத்தில் வெட்டு விழுந்து ரத்தம் வந்தது. அதனால் மாசிலாமணீஸ்வரர் லிங்கத்துக்கு எப்போதும் சந்தனக் காப்பு. வருடத்துக்கு ஒருமுறை, சித்திரைச் சதயத்தில்தான் அதைக் களைவார்கள். தொண்டைமானுக்குத் துணையாகப் போகச் சொன்னதால் நந்தி சுவாமிக்கு முதுகு காட்டி வெளியே பார்த்து நிற்கிறது. சந்நிதி முன்னால் இருக்கும் வெள்ளெருக்குத் தூண்கள் குறும்பர் கோட்டையிலிருந்து கொண்டுவந்தவை என்பார்கள்.

இதை ஒரு தகவல் தொகுப்பாக மாற்றிப் பாருங்கள். ஊருக்கு ஒரு பதிவு, தொண்டைமானுக்கு ஒன்று, குறும்பருக்கு ஒன்று, நந்திக்கு ஒரு குறிப்பு, எருக்குக்கு ஒரு குறிப்பு. இத்தனைக்கும் இது ஒரே ஒரு கோயிலின் கதை. பக்கத்திலேயே திருமழிசையில் திருமழிசை ஆழ்வார், பூந்தமல்லியில் திருக்கச்சி நம்பி, திருநின்றவூரில் கல்லே இல்லாமல் மனசுக்குள்ளேயே கோயில் கட்டிய பூசலார் நாயனார் என அடுத்தடுத்துக் கதைகள் இருக்கின்றன. தமிழ்நாடு முழுக்க இப்படி எத்தனை ஊர் என்று யோசித்தால், முதலியார் எவ்வளவு பெரிய வேலையில் தனியாக இறங்கினார் என்பது புரியும்.

கதை மாறினால் எது ‘ஒரிஜினல்’?

கேம் ரசிகர்களிடையே அதிகம் சண்டை நடக்கும் விஷயம் இதுதான். முதல் பாகத்தில் ஒன்று சொல்லியிருப்பார்கள், மூன்றாம் பாகத்தில் வேறொன்று வரும். எதை விக்கியில் எழுதுவது?

முதலியாருக்கு இது தினசரிப் பிரச்சினை. வால்மீகியின் ராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிப் போகிறான். கம்பனின் ராவணன் அவளைத் தொடாமல் பர்ணசாலையைத் தரையோடு பெயர்த்தெடுக்கிறான். ஒரே தெய்வத்துக்கு சிவ புராணம் ஒரு பிறப்பு சொல்லும், விஷ்ணு புராணம் வேறு சொல்லும். ஒரே பெயரில் ஓர் அசுரன், ஒரு ரிஷி, ஒரு சூரிய குலத்து அரசன் என மூன்று பேர் இருப்பார்கள்.

இதற்கு அவர் பின்பற்றிய வழி எளிமையானது. ஒரே பெயர் என்றால் அதன் கீழே 1, 2, 3 என்று எண் போட்டு ஒவ்வொருவரையும் தனித்தனியாக வைத்தார். வேறு வேறு நூலில் வேறு வேறு கதை இருந்தால், ஒன்றை அடித்துவிட்டு இன்னொன்றை மட்டும் வைக்கவில்லை. பல பதிவுகளின் முடிவில் எந்த நூலிலிருந்து எடுத்தது என்று அடைப்புக்குறிக்குள் அதன் பெயரைக் குறித்தார். இன்று விக்கிப்பீடியாவில் ‘பக்கவழி நெறிப்படுத்தல்’ என்றும் ‘மேற்கோள்’ என்றும் சொல்கிற இரண்டு விஷயங்களும் அங்கே எளிய வடிவில் இருக்கின்றன.

புத்தகத்தின் பெயரும் சும்மா வைத்தது கிடையாது. அபிதானம் என்றால் பெயர். சிந்தாமணி என்றால் நினைத்ததைத் தரும் தெய்வ மணி. பெயரை நினைத்துப் புரட்டினால் அதன் கதையைத் தரும் மணி என்று அர்த்தம். அதாவது, புராணத்து ஐட்டம் ஒன்றின் பெயரையே தன் தொகுப்புக்கு வைத்தார்.

எழுதியாச்சு, யார் அச்சடிப்பது?

கையெழுத்துப் பிரதி வளர்ந்துகொண்டே போனது. பிரச்சினை பணம். ஆயிரம் பக்கப் புத்தகத்தை எழுத்து கோத்து, காகிதம் வாங்கி அச்சடிப்பது ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் ஆகிற காரியம் இல்லை. சென்னையில் வசதியானவர்களை நாடினார். பாராட்டு கிடைத்தது. பணம் கிடைக்கவில்லை.

இதற்கிடையில் யாழ்ப்பாணத்தில் ஒரு நூல் வந்துவிட்டது. மானிப்பாய் ஆ.முத்துத்தம்பிப்பிள்ளை 1902-ல் ‘அபிதான கோசம்’ வெளியிட்டார். அதுவும் புராண, இலக்கியப் பெயர்களுக்கான அகர வரிசைத் தொகுப்புதான். தமிழில் இந்த வகையில் முன்னோடி என்ற பெருமை அதற்கு உண்டு. தான் பல வருடமாகச் செய்துவரும் வேலையை இன்னொருவர் முதலில் முடித்து வெளியிட்டுவிட்டால் பலர் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். முதலியார் நிறுத்தவில்லை. அவர் கையில் இருந்தது அளவில் அதைவிடப் பல மடங்கு பெரியது.

வழி பிறந்தது மதுரையிலிருந்து. பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901 செப்டம்பரில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கியிருந்தார். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்கும், உ.வே.சா.வின் பதிப்புகளுக்கும் கைகொடுத்த அதே தேவர்தான் இவர். முதலியாரின் கையெழுத்துப் பிரதியின் மதிப்பு அவருக்குப் புரிந்தது. 1910-ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக ‘அபிதான சிந்தாமணி’ வெளியே வந்தது. சுமார் 1,050 பக்கம். அப்போது முதலியாருக்கு வயது 55.

அடுத்த வருடம், 1911 டிசம்பரில், பாண்டித்துரைத் தேவர் காலமானார். புத்தகம் ஓரிரு வருடம் தள்ளிப்போயிருந்தால் அந்தக் கட்டுப் பிரதி என்ன ஆகியிருக்கும் என்பது யோசிக்க வேண்டிய விஷயம். அன்று எழுதப்பட்டு, அச்சுக்குப் பணம் இல்லாமல் பரணிலேயே செல்லரித்துப்போன தமிழ் நூல்கள் ஏராளம். சர்வரில் பேக்கப் எடுத்து வைக்கும் வசதி எல்லாம் அன்று யாருக்கும் இல்லை. ஒரே ஒரு பிரதி, ஒரு மழை, அவ்வளவுதான்.

புத்தகம் வந்த பிறகும் தொடர்ந்த வேலை

பெரும்பாலானவர்கள் இங்கே ஓய்வெடுத்திருப்பார்கள். முதலியார் மறுபடி முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தார். விடுபட்ட பெயர்களைச் சேர்த்தார், இருந்த பதிவுகளை விரித்தார். புராணம், இலக்கியம் என்ற எல்லையைத் தாண்டி, செடிகொடி, மருந்து, ரத்தினம், சமயச் சடங்கு, மக்கள் வழக்கம் என அன்றைக்குக் கிடைத்த எல்லாத் தகவலும் உள்ளே வந்தன. ஓர் இலக்கிய அகராதியாக இருந்தது மெல்ல மெல்லக் கலைக்களஞ்சியமாக மாறியது.

மேலும் இருபது வருடம் இப்படிப் போனது. 1931-ல், 76 வயதில் அவர் காலமானபோது விரிவாக்கப்பட்ட இரண்டாம் பதிப்பு இன்னும் வெளிவரவில்லை. அவர் மகனின் முயற்சியில் 1934-ல் அது வெளியானது. பக்கங்களின் எண்ணிக்கை 1,600-ஐத் தாண்டியிருந்தது. முதல் பதிப்பைவிட ஒன்றரை மடங்கு பெரிய புத்தகம். கணக்குப் போட்டால், வாழ்நாளில் நாற்பது வருடத்தை அவர் ஒரே புத்தகத்துக்குக் கொடுத்திருக்கிறார். அதன் முழு வடிவத்தை அச்சில் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அதே காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் 1924-லிருந்து தமிழ் லெக்சிகனைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டுக்கொண்டிருந்தது. அதன் பின்னால் ஓர் அலுவலகமும் ஆசிரியர் குழுவும் அரசின் பணமும் இருந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு பெ.தூரன் தலைமையில் 1954-லிருந்து 1968 வரை பத்துத் தொகுதியாக வந்த கலைக்களஞ்சியத்துக்கும் பெரிய குழு உழைத்தது. நடுவில் தனியாளாக நின்றது முதலியாரின் புத்தகம்.

குறையே இல்லையா?

இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு படிப்பதுதான் நல்லது.

முதலாவது, கற்பனைக்கும் வரலாற்றுக்கும் நடுவில் கோடு கிடையாது. கேம் விக்கிகளில் ஒரு விதி உண்டு. கதை உலகத்துக்குள் நடந்ததை ஒரு பகுதியிலும், அந்தக் கேமை யார் எப்போது உருவாக்கினார்கள் போன்ற நிஜ உலகத் தகவலை வேறு பகுதியிலும் எழுத வேண்டும். அபிதான சிந்தாமணியில் அப்படிப் பிரிக்கவில்லை. பல்லாயிரம் வருடம் தவம் செய்த ரிஷியும், கல்வெட்டில் பெயர் இருக்கும் சோழ அரசனும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே தொனியில் வருவார்கள். ஒரு புலவரைப் பற்றிய செவிவழிக் கதையும் வரலாறு போலவே எழுதப்பட்டிருக்கும். ஆகவே, அரசர்களின் காலத்தைத் தெரிந்துகொள்ள அதை ஆதாரமாக எடுக்க முடியாது. அந்த அரசனைப் பற்றி நம் நூல்கள் என்ன சொல்லின என்பதற்கு அது நல்ல ஆதாரம்.

இரண்டாவது, சாதி. அன்றைய நூல்களில் சாதிகளைப் பற்றி இருந்த பிறப்புக் கதைகளும் உயர்வு தாழ்வுக் கருத்துகளும் அப்படியே உள்ளே வந்திருக்கின்றன. இன்று அந்தப் பகுதிகளைத் தகவலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் காலம் எப்படி யோசித்தது என்பதற்கான பதிவாக மட்டுமே பார்க்க வேண்டும்.

மூன்றாவது, தனியாள் வேலை என்பதன் விலை. ஒரு விக்கி பக்கத்தில் தப்பு இருந்தால் அடுத்த நிமிடமே யாராவது திருத்திவிடுவார்கள். இங்கே ஒரு தப்பைத் திருத்த அடுத்த பதிப்பு வரைக்கும், அதாவது 24 வருடம் காத்திருக்க வேண்டும். அதற்குள் ஆசிரியரே போய்விட்டார்.

இன்று அது எங்கே இருக்கிறது?

தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது 2003-ல். அபிதான சிந்தாமணியின் முதல் பதிப்பு வந்து 93 வருடத்துக்குப் பிறகு. பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்ட பழைய நூல் என்பதால், ஸ்கேன் செய்த பிரதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சிலும் மறுபதிப்புகள் வந்திருக்கின்றன. போனில் திறந்து படிக்கலாம். மொழிநடை கொஞ்சம் பழசு, வடசொல் அதிகம், நீண்ட வாக்கியங்கள். ரெண்டு மூன்று பதிவுகளைத் தாண்டினால் பழகிவிடும்.

படிக்க இப்போது ஒரு புதுக் காரணமும் இருக்கிறது. புனேவைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020-ல் வெளியிட்ட ‘ராஜி’ என்ற கேம், துர்க்கை, விஷ்ணு கதைகளை வைத்து உருவானது. இந்தியப் புராணங்களை வைத்து கேம், காமிக்ஸ், வெப் சீரிஸ் செய்ய இன்று பல இளைஞர்கள் முயற்சி செய்கிறார்கள். அவர்களுக்கு முதலில் தேவைப்படுவது ஒரு பட்டியல். என்னென்ன ஆயுதம், யாருடைய வாகனம், எந்த மணிக்கு என்ன சக்தி, எந்த வரத்துக்கு என்ன நிபந்தனை. தமிழ் மண்ணுக்கே உரிய அமுதசுரபி மாதிரி ஒரு பொருளையோ, முல்லைக்கொடியை வெட்டிய வாளையோ வைத்து கேம் செய்ய நினைப்பவருக்கு வெளிநாட்டு டேட்டாபேஸ் எதிலும் பெரிதாக உதவி கிடைக்காது.

அந்தப் பட்டியலைத் தமிழில் ஒருவர் நாற்பது வருடம் உட்கார்ந்து எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் காலத்தில் திருத்த முடியாமல்போன பதிவுகளைச் சரிபார்ப்பது, மூல நூலோடு ஒப்பிடுவது, விடுபட்ட ஊர்க் கதைகளைச் சேர்ப்பது எல்லாம் இன்னும் பாக்கி இருக்கிறது. அதற்கு இன்று பண்டிதராக இருக்க வேண்டும் என்றோ, ஜமீன்தாரைத் தேடிப் போக வேண்டும் என்றோ கட்டாயம் இல்லை. ஆவடியிலிருந்து சென்ட்ரல் போய்ச் சேருவதற்குள் போனிலேயே ஒரு பதிவைச் சரிபார்த்துவிடலாம்.